ஈயம் குறைந்திருந்தது

நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டி வடலூர் போகிற ரோட்டில், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் பலகையில் 'பரிசோதனைக் கூடம்' என்ற எழுத்து மட்டும்தான் பெரியது. அதை நம்பி வெறும் வயிற்றோடு படியேறி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. "இங்க ரத்தம் எடுக்கறதில்லீங்க. வண்டி ஆயிலுதான்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவைப்பது செந்தாமரையின் வேலைகளில் ஒன்று.

மற்ற வேலைகள் இவை. சுரங்கத்தில் ஓடுகிற கான்ட்ராக்ட் லாரிகள், ஜேசிபிகள், ஜெனரேட்டர்கள், காலேஜ் பஸ்கள் என்று எங்கெங்கிருந்தோ கைக்கு அடக்கமான பாட்டில்களில் பழைய எஞ்சின் ஆயில் வரும். அவள் ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டுவாள். அடியில் தங்கியது மேலே கலக்கும்வரை குலுக்குவாள். இயந்திரத்தில் வைப்பாள். எஞ்சினுக்குள் எது எதோடு உரசுகிறதோ, அதன் தூள் ஆயிலில்தான் வந்து சேரும். பத்து லட்சம் பங்கு ஆயிலில் இரும்பு எத்தனை பங்கு, செம்பு எத்தனை, ஈயம் எத்தனை என்று இயந்திரம் சொல்லிவிடும். அந்த எண்களைப் பார்த்துக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போடுவது கெமிஸ்ட் உமாராணி.

உமாராணி டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அவள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆனவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கிருந்தே வேலைக்கு வருகிறாள். செந்தாமரையைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் செந்தாமரை அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அவள் பதிலுக்கு அக்கா என்பாள்.

செந்தாமரைக்குச் சொந்த ஊர் வளையமாதேவி. அத்தை மகன் சின்னதுரையைத்தான் கட்டிக்கொண்டாள். நடவு, களை, அறுப்பு என்று இருந்த வரையில் இரண்டு பேருக்கும் வேறு யோசனை இருந்ததில்லை. நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு வடக்குத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தார்கள். வந்த தொகையில் மகளை நர்சிங் சேர்த்தது போக மிச்சத்துக்குச் சின்னதுரை ஒரு பழைய லாரி வாங்கினான். ஆறு சக்கர வண்டி. இவன் மூன்றாவது கை. முதல் கை நாமக்கல்லில், இரண்டாவது கை விருத்தாசலத்தில். கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் எந்தக் கையில் நின்றுபோனது என்று யாருக்கும் தெரியாது.

அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிக்கொண்டுபோய்க் குள்ளஞ்சாவடியைச் சுற்றியிருக்கிற சாம்பல் கலந்து செங்கல் சுடுகிற சூளைகளில் கொட்டுவதுதான் ஓட்டம். வரிசையில் நின்று ஏற்ற வேண்டும். ஒருநாள் வண்டி வரவில்லை என்றால் வரிசை நகர்ந்துவிடும். இரண்டு நாள் வரவில்லை என்றால் சூளைக்காரர் வேறு வண்டியைப் பேசிவிடுவார். சின்னதுரை ஓட்டத்தை விட்டதே இல்லை. மழை நாளிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஆரம்பம் ஒரு புகையில்தான். காலையில் வண்டியைக் கிளப்பும்போது பின்னால் நீலமாக எழும்பிக் கலைந்தது. ஒருநாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று தெரியும்.

"மாமா, வண்டி ஆயிலக் கொஞ்சம் எடுத்துக் குடு. எங்க மெஷின்ல வச்சுப் பாக்கலாம்."

"ஓடிக்கினு இருக்கற வண்டிக்கு எதுக்கு டெஸ்ட்டு? நின்னா பாத்துக்கலாம்."

"நின்னதுக்கு அப்பறம் பாக்கறதுக்கு நாங்க எதுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். மனைவிக்குத் தெரிந்த வேலையை அவள் செய்து காட்ட ஆசைப்படுகிறாள் என்றுதான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் சூடு ஆறுவதற்குள், ஆயில் மட்டம் பார்க்கிற டிப் ஸ்டிக் போகிற குழாய் வழியே சின்ன டியூபை விட்டு அவளே உறிஞ்சி எடுத்தாள். ஆயில் மாற்றி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டாள். அவன் லோடு கணக்கில் சொன்னான். அதை உத்தேசமாகக் கிலோமீட்டர் ஆக்கிக்கொண்டாள். நடுவில் ஆயில் ஊற்றினாயா என்றும் கேட்டாள்.

"இல்ல" என்றான்.

உமாராணி அந்தப் பாட்டிலுக்குக் காசு வாங்கவில்லை. வெளி வண்டிகளின் பாட்டில்களோடு சேர்த்து இயந்திரத்தில் ஓட்டிவிட்டு, மறுநாள் தாளைக் கொடுத்தாள். இரும்பு கொஞ்சம் ஏற்றம். மற்றது எல்லாமே பச்சைக் கட்டத்துக்குள் இருந்தது. சிலிக்கான் பன்னிரண்டு. ஈயம் ஆறு.

"இவ்ளோ பழைய வண்டிக்கு இது ரொம்ப நல்ல ரிப்போர்ட்டுக்கா" என்றாள் உமாராணி. அப்புறம் வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதையும் சொன்னாள். "ஆனா ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் ரெண்டு மூணு எடுத்தாத்தான் ஏறுதா, எறங்குதான்னு தெரியும்."

செந்தாமரைக்கு முதல் பாதிதான் காதில் நின்றது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மந்தாரக்குப்பம் போய்ப் பரோட்டா சாப்பிட்டார்கள். சின்னதுரை அந்தத் தாளை மடித்து வண்டியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டான். சாம்பல் ஏற்ற வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்களிடம் எடுத்துக் காட்டினான் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

நீலப் புகை நிற்கவில்லை. பச்சைக் கட்டத்தில் எல்லாம் இருக்கும்போது புகையைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுகிற வழக்கம். செந்தாமரை கேபினைத் துடைக்க ஏறினாள். சீட்டைத் தூக்கினால் ஜாக்கி, ஸ்பேனர், கயிறு இருக்கும். அன்றைக்கு அவற்றுக்கு மேலே ஆயில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. சில காலி, ஒன்று பாதி, இரண்டு சீல் உடைக்காதது. கீழே இறங்கி வந்தாள். சின்னதுரை டயருக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான்.

"மாமா, இதெல்லாம் இன்னா?"

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டயருக்குத் திரும்பினான்.

"ஊத்திக்கினு இருக்கியா?"

"ஊத்தினாத்தான ஓடுது."

"எத்தினி நாளா?"

"வாங்கினதுலேர்ந்துதான். அப்ப கொஞ்சமா கேட்டுது. இப்ப ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டர் கேக்குது."

"அன்னிக்குக் கேட்டன் இல்ல? இல்லன்னு சொன்ன."

"சொன்னா நீ பயப்படுவ" என்றான். டயரைப் பார்த்தபடியே, "வண்டி வாங்கறப்ப உங்க அண்ணன் இது ஆயில் குடிக்கற வண்டி, வேணாம்னு சொன்னான். நான்தான் கேக்கல. அத எப்படி உங்கிட்ட சொல்றது" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பூசணிக்காயை உடைத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அக்கம்பக்கத்தில் பொரி கொடுத்துவிட்டு வந்தாள். கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

லீவு முடிந்து ஆய்வுக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக உமாராணியிடம் சொன்னாள். உமாராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப அந்த ரிப்போர்ட் செல்லாதுக்கா."

"கொஞ்சம்கூடவா?"

"எரிஞ்சு போற ஆயிலோட தூளும் போயிடும். மேல புதுசா ஊத்த ஊத்த, இருக்கறதும் தண்ணி கலந்த மாதிரி ஆயிடும். உள்ள எவ்ளோ தேய்ஞ்சாலும் நம்பர் கம்மியாத்தான் காட்டும். நான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே…" உமாராணி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். நான் இல்லன்னு சொன்னன். எங்கிட்ட அவரு இல்லன்னு சொன்னாரு."

இந்த முறை ஊற்றியது எத்தனை லிட்டர் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொன்னான் சின்னதுரை. சாம்பிளையும் அடுத்த லிட்டர் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தார்கள். இயந்திரம் எண்களைத் திரையில் போட்டபோது செந்தாமரை பக்கத்திலேயே நின்றிருந்தாள். சிலிக்கான் அறுபதைத் தாண்டியிருந்தது. அலுமினியம் முப்பது. இரும்பு சிவப்புக் கட்டத்தில். ஈயம் நாற்பத்தெட்டு.

வழக்கமான வண்டியாக இருந்தால் படிப்பது சுலபம். சிலிக்கான் வந்தால் எஞ்சினுக்குள் தூசி போகிறது. அலுமினியம் வந்தால் பிஸ்டன் தேய்கிறது. ஆனால் இது சாம்பல் ஏற்றுகிற வண்டி. சாம்பலிலேயே சிலிக்கானும் இருக்கிறது, அலுமினியமும் இருக்கிறது. உமாராணி தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அலுமினியம் பிஸ்டனோடதா, சாம்பலோடதான்னு என்னால பிரிக்க முடியலைக்கா. ரெண்டும் இருக்கலாம். சாம்பல் எங்கயோ ஓட்டை வழியா உள்ள போகுது. அது மட்டும் நிச்சயம். உள்ள போயி அரம் மாதிரி ராவுது."

"ஈயம்?"

உமாராணி தாளைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோ ஈயம் சாம்பல்ல வராதுக்கா. அது பேரிங்கோட மேல் பூச்சு."

லாரியை அறிவழகனிடம் கொண்டுபோனார்கள். வடலூர் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை செய்கிறவன். சின்னதுரையோடு சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயை அவன் விரலால் தடவிக்கொண்டே போனான். வளைவுக்கு அடியில், வெளியே தெரியாத பக்கத்தில், வாய் பிளந்திருந்தது. உள்ளே மாவு போலச் சாம்பல் படிந்திருந்தது.

"இந்தா இருக்குது பாருங்க அண்ணே. ஃபில்டர் ஒரு பக்கம் சுத்தமா இருக்குது, சாம்பல் இந்தப் பக்கமா போய்க்கினு இருந்திருக்குது."

புதுக் குழாய் மாட்டினான். அப்புறம் கீழே படுத்து ஆயில் தொட்டியை இறக்கினான். பேரிங் ஒன்றைக் கழற்றித் துணியில் துடைத்து வெளியே கொண்டுவந்தான். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்க வேண்டிய தகடு அது. முழுக்கக் கோடு கோடாக இருந்தது. செந்தாமரை அதை வாங்கிப் பார்த்தாள். ஆறு வருஷமாக எண்ணாகவே பார்த்திருந்த பொருளை அன்றுதான் முதல் தடவை கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாத்திடலாமா தம்பி?"

"மாத்தறதுன்னா அந்த சைசுல கெடைக்கணும் அண்ணி. பேரிங் உக்கார்ற கிராங்கு ஷாஃப்ட்ட ஏற்கெனவே நாலு வாட்டி கடைஞ்சு எளைச்சிட்டாங்க. கடைசி சைசு இது. இனிமே கடைய எடமில்ல. இந்த சைசு பேரிங் இப்ப கம்பெனியிலேர்ந்து வர்றதில்ல. நான் கடலூரு, விழுப்புரம் எல்லா எடத்துலயும் கேட்டுப் பாக்கறன்."

கேட்டான். பாண்டிச்சேரியிலும் கேட்டான். கிடைக்கவில்லை. பழைய பேரிங்கையே துடைத்து மாட்டி மூடினான்.

"ஆயிலக் கொஞ்சம் கெட்டியானதா ஊத்துங்க அண்ணே. லோட கொறச்சிக்கங்க. அழுத்தாம ஓட்டுங்க."

"எத்தினி நாளைக்கு வரும்?"

அறிவழகன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அத நான் சொல்ல முடியாதுண்ணே. வருஷமும் ஓடும். நாளைக்கும் நிக்கும்."

அன்றிரவு சாப்பிடும்போது செந்தாமரை பேச்சை எடுத்தாள்.

"வண்டிய நிறுத்திடலாம் மாமா."

"நிறுத்திட்டு?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று முகத்தைப் பார்த்துக் கேட்டான். நிலமில்லை. ஐம்பதை நெருங்குகிறவனுக்குப் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? விற்றுவிடலாம் என்று அவள் வாய்வரை வந்தது. யார் தலையில் கட்டுவது என்று நினைத்ததும் அதுவும் உள்ளே போய்விட்டது. ரசத்தை ஊற்றிக்கொண்டு அவன் சாப்பிட்டு முடித்தான்.

சேலத்தில் பழைய எஞ்சின் மொத்தமாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். பெரிய கொட்டகையில் எஞ்சின்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. இவர்கள் வண்டிக்குப் பொருந்துகிறது ஒன்றே ஒன்று இருந்தது. கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டினார்.

"நல்ல எஞ்சின்ங்க. வண்டி ஆக்சிடென்ட்டு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல."

செந்தாமரை கைப்பையில் இரண்டு காலிப் பாட்டிலும் டியூபும் கொண்டுபோயிருந்தாள். டிப் ஸ்டிக் குழாயில் டியூபை விட்டு உறிஞ்சிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"ஆயில் எல்லாம் வடிச்சிட்டுத்தாம்மா வைப்போம். ஃபயர் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

அவள் குனிந்து திறந்திருந்த துளைகள் வழியாகப் பார்த்தாள். இருட்டு. உள்ளே இருப்பது இவர்களுடைய எஞ்சினைவிட நல்லதா, கெட்டதா? ஒரு சொட்டு ஆயில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். சின்னதுரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தலையாட்டினால் வாங்கிவிடலாம் என்று இருந்தான். அவளால் ஆட்டவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

"யோசிச்சுட்டு வரோம்ங்க" என்று அவன்தான் சொன்னான்.

யோசித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தபோது அது போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. கெட்டி ஆயில் ஊற்றியதில் ஆயில் பிரஷர் காட்டுகிற முள் முன்பைவிட மேலே நின்றது. வண்டி அதிரவில்லை. புகைகூடக் குறைந்தது போலத் தோன்றியது. சின்னதுரை லோடைக் குறைத்தான், மேட்டில் அழுத்தாமல் ஏற்றினான். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்னிக்கும் ஒண்ணும் சத்தமில்ல" என்பான். பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது அவளை ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வரை போய்க் கரும்பு வாங்கி வந்தான்.

தை கடைசியில் மூன்றாவது சாம்பிள் எடுத்தார்கள். அன்றைக்கு உமாராணி லீவு. எண்கள் வந்ததும் செந்தாமரை தானே தாளை எடுத்துப் பார்த்தாள். சிலிக்கான் இருபதுக்கு இறங்கியிருந்தது. அலுமினியமும் இறங்கியிருந்தது. இரும்பு பாதியாகக் குறைந்திருந்தது. குழாய் மாற்றியது வீண்போகவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கடுத்த வரிக்குப் போனாள். ஈயம் பத்தொன்பது. அதற்கடுத்த வரி செம்பு. தொண்ணூற்றிரண்டு.

இரண்டு மூன்று முறை பார்த்தாள். பாட்டில் நம்பரைச் சரிபார்த்தாள். மறுபடி குலுக்கி வைத்து ஓட்டினாள். தொண்ணூறு வந்தது.

சாயங்காலம் சின்னதுரை வாசலிலேயே தாளை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் இதற்குள் படிக்க வந்திருந்தது. வரி வரியாக விரலை வைத்துக்கொண்டே போனான்.

"தூசி கொறஞ்சிட்டுது. இரும்பு கொறஞ்சிட்டுது. தாமரை, ஈயம் பாத்தியா? நாப்பத்தெட்டு இருந்துது, பத்தொம்பதுக்கு வந்துட்டுது!"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வளையமாதேவியை விட்டு வந்தபிறகு அவள் பார்த்ததில்லை. உள்ளே போய் டீ போட்டாள். டீயைக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரையில் காத்திருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது? ஆனால் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியவன் அவன்.

"மாமா, ஈயம்ங்கறது பேரிங் மேல இருக்கற பூச்சு."

"ஆமா, நீதான் சொன்ன."

"அதுக்குக் கீழ இருக்கறது செம்பு."

அவன் தாளைப் பார்த்தான். செம்பு என்ற வரியில் விரல் நின்றது.

"தேயறதுக்கு ஈயம் மிச்சமில்ல மாமா. அதான் கொறஞ்சிருக்குது."

அவன் தாளை மடித்தான். நான்காக மடித்து, எட்டாக மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "சரி" என்றான்.

மறுநாள் உமாராணி தாளைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள். "உடனே நிறுத்துங்க" என்று கருத்து எழுத வேண்டிய கட்டத்தில் எழுதினாள். பெரிய கம்பெனி வண்டிகளுக்கு எழுதுகிற அதே வாசகம். அங்கே அதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு வண்டி அனுப்புவார்கள். எழுதி முடித்துவிட்டுச் செந்தாமரையைப் பார்த்தாள்.

"வேற என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலைக்கா."

"நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க மேடம்."

சின்னதுரை அன்றும் ஓட்டத்துக்குப் போயிருந்தான். அடுத்த நாளும் போனான்.

மாசி பிறந்து சில நாள். மத்தியானச் சாப்பாட்டை முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தாமரை, நின்னுட்டுது" என்றான். குரல் சாதாரணமாக இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லியே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஓரத்துலதான் நிக்குது. குள்ளஞ்சாவடிக்கு இந்தாண்ட."

உமாராணியிடம் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தாள். வடலூரில் இறங்கிக் கடலூர் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாகத் தூரத்திலேயே வண்டி தெரிந்தது. கண்டக்டரிடம் சொல்லி அங்கேயே இறங்கினாள்.

லாரி புளியமரத்தடியில் ஒருக்களித்து நின்றிருந்தது. அதற்குப் பின்னால் ரோட்டில் நீளமாகக் கறுப்பாக ஆயில் வழிந்திருந்தது. சின்னதுரை லாரியின் பின்கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மண்வெட்டியால் சாம்பலை அள்ளி அள்ளி ஆயில் மேல் போட்டுக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் ஒருவர் எதிரே வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"டூவீலர்காரன் எவனாச்சும் வழுக்கி வுழுந்துடப் போறான்" என்றான் அவளைப் பார்த்ததும்.

அவளும் டீக்கடையில் இரும்புச் சட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு சாம்பலை அள்ளினாள். இன்னும் மூடாத இடத்தில் ஆயில் வெயிலில் பளபளத்தது. குனிந்தபோது பார்த்தாள். தங்கப்பொடியைக் கலக்கியது போலச் செம்புத் துகள் மினுங்கியது. அதைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. சாம்பலைக் கொட்டி மூடினாள்.

முழுக்க மூடியபிறகு இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"முள்ளு எறங்கறதப் பாத்தன். ஓரங்கட்டறதுக்குள்ள டமார்னு ஒரு சத்தம்" என்றான். "நீ சொல்லிக்கினுதான் இருந்த."

"நான் சொல்லி இன்னா ஆச்சு மாமா."

"ஒண்ணும் ஆவல. ஆனா நீ சொன்ன."

அறிவழகன் பைக்கில் வந்து சேர்ந்தான். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். பிஸ்டனைத் தாங்குகிற ராடு ஒன்று உடைந்து எஞ்சின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. கை போகிற அளவுக்கு ஓட்டை. அவன் டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா நின்றான். மிச்சச் சாம்பலைச் சூளைக்காரர் வேறு லாரி அனுப்பி மாற்றிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அந்த லாரிதான் ஓடியது.

வண்டியை அறிவழகன் கொட்டகைக்கு இழுத்து வந்து போட்டார்கள். அங்கே இரண்டு மாதம் நின்றது. எஞ்சின் கிடைக்கும் என்று யாராவது சொல்வதும், சின்னதுரை பஸ் ஏறிப் போவதும், வெறுங்கையோடு வருவதுமாக இருந்தான். பிறகு போவதை நிறுத்திவிட்டான். பழைய இரும்புக்காரர்கள் வந்து அங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று செந்தாமரை வேலையில் இருந்தாள். அவன் மட்டும் போய் நின்றுவிட்டு வந்தான். வந்து சோறு கேட்டான், சாப்பிட்டான், படுத்துவிட்டான்.

சித்திரையில் அவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. டிரைவர் வேலை இல்லை. டம்பர் லாரிகள் மண் கொட்டுகிற மேட்டில் கொடியை வைத்துக்கொண்டு நின்று, பின்னுக்கு வா, நில் என்று சைகை காட்டுகிற வேலை. மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். ஷிப்ட் பஸ்ஸுக்கு அரை மணி முன்னாலேயே சாலையோரம் போய் நின்றுவிடுவான்.

ஒருநாள் ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பேச்சுக்குப் பேச்சாக அவள் கேட்டாள். "அங்க ஓடற டம்பருங்கள்ள எதுனா நீலமா பொகை வுடுதா மாமா?"

அவன் காலைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் பாக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்றான். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனான். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் அன்று லேட்டாகத்தான் வந்தது.